கோடையில் தண்ணீரை நிறுத்தினேன்: கொல்லைப்புற ஓக் மரத்தடியில் நான்கு வருஷ வேலை

எங்கள் கொல்லையில் நிற்கும் ஓக் மரம் 2020 ஆகஸ்டில் உச்சிக் கிளைகளில் கருகத் தொடங்கியது. நவம்பர் கடைசியில் மஞ்சளாகி உதிர வேண்டிய இலை மூன்று மாதம் முன்னாலேயே ஓரம் காய்ந்து சுருண்டது, நுனிக் குச்சிகள் பட்டுப்போயின, அடிமரத்தில் தரையை ஒட்டி உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுத்த ஈரத் திட்டு, கிட்டே போனால் புளித்த வாடை. உடனே ஸ்பிரிங்க்ளரைப் பத்து நிமிடம் கூட்டி வைத்தேன். ஈரோட்டுப் பக்கம் கிணற்றில் இறைத்துத் தென்னைக்கு ஊற்றி வளர்ந்தவனுக்கு, வாடிய மரத்தைப் பார்த்தால் கை குடத்தைத்தான் தேடும். அது முழுத் தவறு. மரம் வாடியதே நாங்கள் ஊற்றிய தண்ணீரால்.

இருப்பது கலிஃபோர்னியாவில், சான் ஹோசேயின் தென்பகுதி. மரம் பள்ளத்தாக்கு ஓக், தாவரவியல் பெயர் குவர்கஸ் லொபாட்டா. கலிஃபோர்னியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத மரம் இது. நூறு அடி உயரம் போகும், முன்னூறு வருஷம் தாண்டி நிற்கும், பட்டை முதலைத் தோல் மாதிரி கட்டம் கட்டமாக வெடித்திருக்கும், வயதான மரங்களில் நுனிக் கிளைகள் விழுதுபோலத் தொங்கும். எங்களுடையதை மார்பு உயரத்தில் அளந்தேன்: சுற்றளவு 11 அடி 4 அங்குலம். நானும் மனைவியும் கைகோத்தால்தான் சுற்ற முடிகிறது. ஓக்கைத் தமிழில் கருவாலி என்பார்கள், வேதாகமத் தமிழில் கர்வாலி மரம் என்று வரும். இங்கே ஸ்பானியர்கள் வைத்த பெயர் ரோப்ளே. பாசோ ரோப்ளஸ் என்ற ஊர்ப் பெயருக்கு ஓக் கணவாய் என்று பொருள், ஓக்லாந்துக்கு விளக்கமே தேவையில்லை.

இந்த சாந்தா கிளாரா பள்ளத்தாக்கு முழுக்க ஒரு காலத்தில் இந்த மரங்கள்தான். 1792 நவம்பரில் இந்த வழியாகக் குதிரையில் போன ஆங்கிலேயக் கடலோடி ஜார்ஜ் வான்கூவர், சுமார் இருபது மைல் தூரத்துக்கு ஓக் மரங்களை நட்டு வளர்த்த பெரிய பூங்கா போல இருக்கிறது என்று எழுதிவைத்தார். அந்தப் பூங்காவை அப்படி வைத்திருந்தவர்கள் இங்கேயே வாழ்ந்த ஓலோனி மக்கள். அவ்வப்போது புல்லுக்குத் தீ வைத்துப் புதரைக் குறைத்து, ஓக் கொட்டையைச் சேர்த்து மாவாக்கிச் சாப்பிட்டவர்கள். அப்புறம் ஸ்பானியர்களின் கிறிஸ்தவ மிஷன் வந்தது, மாடுகள் வந்தன, கோதுமை, பிறகு பிளம், ஆப்ரிகாட் தோட்டங்கள், கடைசியில் நாங்கள் வேலை பார்க்கும் அலுவலகங்கள். இந்த மரம் ஆழமான வண்டல் மண்ணையும் எட்டுகிற நிலத்தடி நீரையும் தேடி வளரும், விவசாயிக்கு வேண்டியதும் அதே மண், அதனால் முதலில் வெட்டுப்பட்டது இதுதான். எங்கள் தெருவில் பழைய மரம் மொத்தம் இரண்டு.

சரி, வேலைக்கு வருகிறேன்.

மரங்களைப் பார்க்கும் ஆர்பரிஸ்ட் ஒருவரைக் கூப்பிட்டேன். அவர் இலையைப் பார்க்கவே இல்லை, நேராக அடிமரத்துக்குப் போய்க் குனிந்து, "இது ஏன் தந்திக் கம்பம் மாதிரி மண்ணுக்குள் இறங்குகிறது?" என்று கேட்டார். நல்லபடி இருக்கும் மரம் தரையைத் தொடும் இடத்தில் யானைக் கால்போல அகன்று வேராகப் பிரிய வேண்டும். எங்கள் மரம் நேராக இறங்கியது. எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் புல்தரை போட்டபோது அந்த இடத்தின், அதாவது வேர்க்கழுத்தின் மேல் மண்ணைக் கொட்டி மட்டம் கட்டியிருக்கிறார்கள். அதன்மேல் வாரம் மூன்று நாள் ஸ்பிரிங்க்ளர், அதில் இரண்டு தலை நேராகப் பட்டையின் மேலேயே அடித்துக்கொண்டிருந்தது.

அவர் சொன்ன காரணத்தை நன்றாகப் புரிந்துகொண்ட பிறகுதான் எனக்கு வேலையில் தெளிவு வந்தது. இங்கே மழை நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை, வருஷத்துக்குச் சுமார் 15 அங்குலம். மே முதல் அக்டோபர் வரை மழை அநேகமாகக் கிடையாது. வேரை அழுக வைக்கும் ஃபைட்டோஃப்தோரா என்ற பூஞ்சை போன்ற கிருமியும் ஆர்மில்லேரியா என்ற பூஞ்சையும் இந்த மண்ணில் எப்போதும் இருக்கின்றன, ஆனால் குளிர்காலத்தில் ஈரம் இருந்தாலும் சூடு இல்லை, கோடையில் சூடு இருந்தாலும் ஈரம் இல்லை, அதனால் அவை அடங்கிக் கிடக்கும். நாம் கோடையில் மரத்தடியில் தண்ணீர் விட்டால் சூடும் ஈரமும் முதல்முறையாக ஒன்று சேர்கின்றன, அழுகல் கிளம்பிவிடுகிறது. ஓக் தன் கோடைக் குடிநீரை ஆழத்திலிருந்து எடுத்துக்கொள்ளும், மேல்மண் காய்ந்து கிடப்பதுதான் அதற்குப் பாதுகாப்பு.

முதல் வேலை வேர்க்கழுத்தைத் திறப்பது. மூன்று வார இறுதிகள் ஆனது. மண்வெட்டியை மரத்திலிருந்து நான்கடி தள்ளியே வைத்துக்கொண்டேன், உள்ளே வர வரக் கைக்கரணை, பட்டைக்குப் பக்கத்தில் பழைய மர அகப்பையும் ஒரு பெயிண்ட் பிரஷும் மட்டும். பட்டையில் இரும்பு பட்டுக் காயமானால் அதுவே நோய்க்கு வாசல். நாலு அங்குலம் தோண்டியதும் கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பு வந்தது, களை வராமல் இருக்கப் போட்டது, அதற்கும் கீழே ஒரு வரிசை செங்கல். ஒன்பது அங்குலத்தில்தான் பட்டை அகலத் தொடங்கி முதல் பெரிய வேரின் முதுகு தெரிந்தது. அந்த இடத்தில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அடிமரத்தைச் சுற்றி மூன்றடி வரை இப்படித் திறந்தோம். அழுகிய திட்டைச் சுரண்டவில்லை, மருந்தும் பூசவில்லை, காற்றும் வெயிலும் படட்டும் என்று விட்டோம். இதில் கவனிக்க வேண்டிய ஒன்று: மண்ணை எடுத்தால் மரத்தைச் சுற்றிக் கிண்ணம் மாதிரி பள்ளமாகிவிடும், குளிர்கால மழையில் அதில் தண்ணீர் தேங்கினால் பழைய நிலைமையைவிட மோசம். நிலம் எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கமாக ஒரு ஆழமற்ற வாய்க்கால் வெட்டி வழியவிட்டேன். முதல் மழையில் குடையோடு நின்று பார்த்து இரண்டு இடத்தில் திருத்தினேன்.

தண்ணீரை ஒரேயடியாக மூடக்கூடாது என்றார் ஆர்பரிஸ்ட். பல வருஷம் மேலிருந்து கிடைத்த தண்ணீருக்கு மேல்மட்ட வேர்கள் பழகியிருக்கும், திடீரென்று நிறுத்தினால் தாங்காது. ஆக, பட்டையில் அடித்த இரண்டையும் சேர்த்து மரத்துக்குப் பத்தடிக்குள் இருந்த நான்கு தலைகளையும் அன்றைக்கே மூடி போட்டு அடைத்தேன், வெளிவட்டத்தில் இருந்தவற்றை 2021 கோடையில் பத்து நாளைக்கு ஒருமுறை, 2022இல் மாதம் ஒருமுறை என்று குறைத்து அப்புறம் நிறுத்தினேன். 2020 முதல் 2022 வரை இங்கே வறட்சி, குளிர்கால மழையே சரியாக வரவில்லை. அந்த வருஷங்களில் ஜனவரி, பிப்ரவரியில் மட்டும் கிளை விரிவின் ஓரத்தில் சொட்டுக் குழாய் வைத்து, மெதுவாக, ஆழமாக ஊறவிட்டேன். ஓக்குக்குத் தண்ணீர் தந்தே ஆக வேண்டுமென்றால் மழைக்காலத்தில் மழையை ஈடுகட்டத் தர வேண்டும், கோடையில் தரக்கூடாது.

புல்தரை பெரும்பாலும் ஃபெஸ்க்யூ என்ற புல், தண்ணீர் குறைந்ததும் இரண்டாவது கோடையில் தானாகச் செத்தது. கிழக்கு மூலையில் மட்டும் ஒரு திட்டு பச்சையாகவே நின்றது. பிடுங்கிப் பார்த்தால் கணுவுக்குக் கணு வேர், மண்ணுக்குள் வெள்ளையாகத் தண்டு ஓடுகிறது. இங்கே பெர்முடா கிராஸ் என்கிறார்கள், அது நம் அருகம்புல்லேதான். ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி என்று கல்யாணத்தில் வாழ்த்துவதற்கு அர்த்தம் இந்த மூலையில்தான் எனக்குப் புரிந்தது. ஓக் வேர் இருக்கிற இடம் என்பதால் ஆழக் கொத்தவும் முடியாது, களைக்கொல்லி அடிக்கவும் மனமில்லை. கையால்தான், கணு கணுவாக, இரண்டு வருஷம். இன்னமும் ஏப்ரலில் எட்டிப் பார்க்கிறது.

2022 ஜூனில் அம்மா ஆறு மாதத்துக்கு வந்தார்கள். கொல்லை முழுக்கப் புல் காய்ந்து பழுப்பாகக் கிடக்கிறது, நடுவில் அவ்வளவு பெரிய மரம், ஒரு வாளி தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை. "பச்ச மரத்தக் காயப் போட்டுட்டு எப்படிக் கண்ணு சோறு எறங்குது?" என்று கேட்டார்கள். நான் விளக்கினேன். தலையை ஆட்டினார்கள், நம்பவில்லை. மறுநாள் காலை அரிசி கழுவிய தண்ணீர் மரத்தடிக்குப் போயிருந்தது. மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவது புண்ணியம் என்று எழுபது வருஷம் வாழ்ந்தவரிடம் ஊற்றாதீர்கள் என்று சொல்வது எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. கடைசியில் ஒரு கடப்பாரையை எடுத்துக் கிளை விரிவின் ஓரத்தில் ஒன்றரை அடி குழி போட்டு, கீழ் மண்ணை எடுத்து அவர்கள் கையில் வைத்தேன். மேலே புழுதி, கீழே விரலால் பிடித்தால் பிடிபடுகிற குளிர்ந்த மண். ஆகஸ்ட் மாதத்தில், மழை விட்டு நாலு மாதத்துக்கு அப்புறம். அதற்குப் பிறகு அரிசித் தண்ணீர் கறிவேப்பிலைத் தொட்டிக்குப் போனது.

அதே அம்மாதான் எனக்கு ஒன்றைக் காட்டிக் கொடுத்தார்கள். அக்டோபரில் மரத்தடியில் உருண்டையாக, லேசாக, பழுப்பு நிறத்தில் சில விழுந்து கிடந்தன, ஒரு பக்கம் ஊசி நுழைகிற ஓட்டை. நான் அவற்றைக் குப்பை என்று ஒதுக்கிக்கொண்டிருந்தேன். அம்மா ஒன்றை உடைத்து நாக்கில் வைத்து, "கண்ணு, இது மாசிக்காய் மாதிரியல்ல துவர்க்குது" என்றார்கள். உண்மையிலேயே உறவுதான். குழந்தைக்கு உரை மருந்தில் வசம்பு, ஜாதிக்காய், கடுக்காயோடு உரைக்கும் மாசிக்காய், துருக்கி, ஈரான் பக்கம் வளரும் குவர்கஸ் இன்ஃபெக்டோரியா என்ற ஓக்கில் ஒரு சிறு குளவி முட்டையிடுவதால் உண்டாகும் புடைப்பு. இங்கே வேறு ஓக், வேறு குளவி, அதே கதை: குளவி தண்டில் முட்டை வைக்கிறது, மரம் அதைச் சுற்றி உருண்டையாக வளர்த்து விடுகிறது, உள்ளே புழு வளர்ந்து குளவியாகி ஓட்டை போட்டு வெளியேறுகிறது. மரத்துக்குக் கெடுதல் ஏதுமில்லை. நாட்டு மருந்துக் கடைப் பொட்டலத்திலிருந்து என் நாக்கில் முதலில் பட்டதே ஓக் மரம்தான் என்று எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிகிறது.

இலைச் சருகு விஷயம் சுருக்கமாக. முன்பெல்லாம் டிசம்பரில் ஊதுகுழல் இயந்திரத்தோடு ஆள் வந்து எல்லாச் சருகையும் அள்ளிக்கொண்டு போவார். அதை நிறுத்தினோம். சருகும், கிளை வெட்டும் வண்டிக்காரர்கள் இலவசமாகக் கொட்டிவிட்டுப் போகும் மரச் சீவலும் சேர்த்து மூன்று நாலு அங்குலம் பரப்பினேன், அடிமரத்திலிருந்து ஓரடி இடைவெளி விட்டு. இரண்டாம் வருஷம் கீழே கிளறினால் வெள்ளைப் பூஞ்சை இழை, மண்புழு, மண் கறுத்துப் பொலபொலவென்று. வெளிவட்டத்தில் இந்த மரத்தோடு இயற்கையாகவே வாழும் செடிகளில் சிலதை வைத்தேன்: ஹம்மிங்பேர்ட் சேஜ், ஸ்னோபெரி, கலிஃபோர்னியா ஃபெஸ்க்யூ. எல்லாம் கோடையில் தண்ணீர் கேட்காதவை. சின்னத் தொட்டிச் செடியாக வாங்கி நவம்பரில் வைத்தால் வேரை வெட்டாமல் சிறு குழியிலேயே வேலை முடிந்துவிடும்.

இனி கன்று வளர்த்த கதை. இதில்தான் அதிகம் தோற்றேன், அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

2021 அக்டோபரில் மரம் நன்றாகக் காய்த்தது. பள்ளத்தாக்கு ஓக் கொட்டை ஒல்லியாக, கூம்பாக, இரண்டு அங்குலம் வரை நீளும், தலையில் சொரசொரப்பான தொப்பி. இந்தக் கொட்டையை நெல் மாதிரிக் காயவைத்துச் சேமிக்க முடியாது, காய்ந்தால் உயிர் போய்விடும். விழுந்து சில நாள் வெயிலில் கிடந்தாலே வீண். காலையில் புதிதாக விழுந்தவற்றை, தொப்பி சுலபமாகக் கழன்றவற்றைப் பொறுக்கினேன், 60 சேர்ந்தது. வாளித் தண்ணீரில் போட்டால் 19 மிதந்தது, 41 மூழ்கியது. மிதப்பவை பெரும்பாலும் உள்ளே வண்டுப் புழு தின்றவை அல்லது காய்ந்தவை. மூழ்கியதை மட்டும் ஜிப் பையில் போட்டு ஃபிரிட்ஜில் காய்கறித் தட்டில் வைத்தேன், ஃப்ரீசரில் வைக்கக்கூடாது. மூன்று வாரத்தில் பாதிக்கு மேல் பைக்குள்ளேயே முளை விட்டுவிட்டது. இந்த ஓக்குக்கு உறக்க காலம் கிடையாது, ஈரம் கிடைத்தால் உடனே வேர் விடும்.

முளை என்றால் இலை இல்லை. கூர்முனையிலிருந்து வெள்ளையாக வேர் மட்டும் இறங்கும், மேலே தண்டு வர மார்ச் ஆகும். இடைப்பட்ட குளிர்காலம் முழுக்க அது கீழேதான் போகிறது. இது தெரியாமல் ஆறு அங்குலத் தொட்டிகளில் நட்டேன். மார்ச்சில் அழகாக இலை வந்தது, எல்லோரிடமும் காட்டினேன். நவம்பரில் தரையில் வைக்கத் தொட்டியைக் கவிழ்த்தால், ஆணிவேர் அடியில் முட்டி வட்டம் வட்டமாகச் சுற்றி, கயிற்றுச் சுருள்போலக் கிடந்தது. அப்படிச் சுருண்ட வேர் நேராகாது. பன்னிரண்டு கன்று வைத்தேன், அடுத்த கோடையைத் தாண்டியது ஒன்று.

2022 அக்டோபரில் மறுபடி. இம்முறை அரை கேலன் பால் அட்டைப் பெட்டி இரண்டை ஒன்றின்மேல் ஒன்று செருகி ஸ்டேப்ளர் அடித்து, 14 அங்குல ஆழம் கிடைக்கும்படி செய்தேன். அடியைத் திறந்துவிட்டுக் கம்பி வலைமேல் நிற்க வைத்தால், வேர் நுனி காற்றைத் தொட்டதும் தானாக நின்று பக்க வேர் விடும், சுருளாது. கொட்டையைப் படுக்கவைத்து ஓர் அங்குல ஆழத்தில் நட வேண்டும். தாய்மரத்தடி மண்ணில் ஒரு கைப்பிடி எல்லாத் தொட்டியிலும் கலந்தேன், ஓக் வேரோடு சேர்ந்து வாழும் பூஞ்சை அதில் வரும்.

அவற்றை நட இடம் கொடுத்தவர் மோர்கன் ஹில் பக்கம் இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் நண்பர். பழைய மேய்ச்சல் நிலம், வெறும் புல். இருபது இடம் குறித்தோம்: பத்தில் கொட்டையை நேரடியாக விதைத்தோம், பத்தைப் பெட்டிக் கன்றுக்கு ஒதுக்கினோம். விதைத்த பத்தில் ஆறு இடத்தில் ஒரே வாரத்தில் கொட்டை காணாமல் போனது. ஸ்க்ரப் ஜே என்ற நீலப் பறவை, காக்கைக் குடும்பம், நாங்கள் நடுவதை வேலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தது. அதன்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒவ்வொரு பருவத்திலும் ஆயிரக்கணக்கில் கொட்டைகளைப் புதைத்து, எடுக்காமல் விட்டவை முளைத்து, இந்த மலையடிவாரங்களில் ஓக்கைப் பரப்பியதில் பெரும்பங்கு அதனுடையது. மறுபடி விதைத்து மேலே வலை போட்டோம்.

மேலே வலை போட்டால் கீழே கோஃபர். நம் பெருச்சாளி அளவுகூட இருக்காது, மண்ணுக்குள்ளேயே வளை தோண்டி வாழும், வேரைக் கடித்துக் கன்றைக் கீழிருந்து இழுத்துக்கொள்ளும். ஒரு சனிக்கிழமை நாலு இலையோடு நின்ற கன்று மறு சனிக்கிழமை சுவடே இல்லாமல் போயிருந்தது. அதனால் 2023 நவம்பரில் பெட்டிக் கன்றுகளை வைத்தபோது ஒவ்வொரு குழிக்கும் கோழிக்கூட்டு வலையை உருளையாகச் சுருட்டி, இரண்டடி ஆழம் இறக்கி, அடியைத் திறந்தே விட்டோம். தடித்த கெட்டி வலை போட்டால் வருஷம் போகப் போக வேரை நெரிக்கும். கோழி வலை சில வருஷத்தில் துருப்பிடித்து மண்ணோடு போய்விடும், அதற்குள் வேர் தப்பித்துவிடும். தரைக்கு மேலே மட்டும் அரை அங்குலக் கண் உள்ள கெட்டி வலை, மூன்றடி உயரம், இரண்டு குச்சியில் கட்டி.

இதைவிட முக்கியம் புல். அந்த நிலத்தில் இருப்பது காட்டு ஓட்ஸ், புரோம் என்று ஐரோப்பாவிலிருந்து மாடுகளோடு வந்த ஒரு பருவப் புற்கள். குளிர்காலத்தில் முளைத்து ஏப்ரலுக்குள் மேல்மண்ணின் ஈரத்தை முழுக்க உறிஞ்சிவிட்டுச் சாகும், அதே நேரத்தில்தான் ஓக் கன்றின் வேர் இறங்க ஈரம் தேடும். ஒவ்வொரு கன்றைச் சுற்றியும் நாலடி விட்டத்துக்குப் புல்லைச் செதுக்கி மரச் சீவல் போட்டோம், மார்ச்சில் ஒருமுறை மறுபடி செதுக்கினோம். இரண்டு கன்றுக்கு வேண்டுமென்றே செய்யாமல் விட்டுப் பார்த்தேன், இரண்டும் ஜூலையிலேயே போய்விட்டன. கன்றுக்கு மட்டும் முதல் இரண்டு கோடை மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஐந்து லிட்டர் தண்ணீர், மெதுவாக. வேர் இன்னும் ஆழம் போகாத குழந்தைக்கு இது தேவை, பெரியவருக்குத்தான் கூடாது.

2022 கடைசியில் தொடங்கிய பெருமழை பெரிய மரத்துக்கு நல்லது செய்தது. 2023 மார்ச்சில் உச்சிவரை துளிர் வந்தது. பட்டுப்போன நுனிகள் அப்படியேதான் இருக்கின்றன, மரங்கொத்தி உட்காருகிறது, அவற்றை வெட்டவில்லை. அடிமரத்தின் கறுத்த திட்டு காய்ந்து இறுகி, ஓரத்தில் புதுப் பட்டை உருண்டு வருகிறது, கால் அங்குலம் இருக்கும். 2024 ஆகஸ்டில் இலை ஒன்றுகூட கருகவில்லை. அம்மாவுக்கு வீடியோவில் காட்டினேன், "தண்ணி ஊத்துனியா?" என்பதுதான் முதல் கேள்வி.

நண்பர் நிலத்தில் இருபது இடத்தில் பதினொன்றில் கன்று இருக்கிறது, அதில் நேரடியாக விதைத்தவை ஐந்து. உயரத்தில் பெட்டிக் கன்றுகள் முந்தி நிற்கின்றன, ஆனால் விதைத்தவற்றின் தண்டு தடிமன் அதிகம். நான் நாளைக்கு ஒருவருக்குச் சொல்வதென்றால் வலையும் பொறுமையும் இருந்தால் நேரடியாக விதையுங்கள் என்றுதான் சொல்வேன். மிக உயரமானது இப்போது இரண்டடி ஏழு அங்குலம், கிளை பக்கவாட்டில் வலையை முட்டுகிறது. இந்த நவம்பரில் அதற்கு வலையை அகலமாக மாற்றிக் கட்ட வேண்டும், குச்சியும் கம்பியும் வாங்கி வைத்துவிட்டேன்.